அக்கரைக்கு ஒரு ஜெபம்

திருச்சியில் தில்லை நகர் என்றாலே டாக்டர்கள் ஞாபகந்தான் வரும். பெரிய சாலையிலும் சரி, அதிலிருந்து பிரிகிற குறுக்குத் தெருக்களிலும் சரி, வைத்தியசாலைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வந்து இறங்குகிற நோயாளிகள், துணைக்கு வந்த அத்தை, மைத்துனன், கையில் ஃபிளாஸ்க், மடியில் எக்ஸ்ரே உறை என்று, மாலை நேரத்தில் அந்தத் தெருக்களில் ஒரு நடை நடந்தால் பாதி ஜில்லாவின் கவலையைப் பார்த்துவிடலாம். காத்திருக்கும் பெஞ்சுகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "கவலைப்படாதீங்க, உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிறேன்." சொல்லுகிறவர் பெரும்பாலும் கிறிஸ்தவராக இருப்பார். கேட்கிறவர் யாராகவும் இருக்கலாம்.

இதை உபசார வார்த்தை என்று ஒதுக்கிவிடலாம். பலர் விஷயத்தில் அது உபசாரந்தான். ஆனால் கத்தோலிக்கப் பங்குகளில் வேறொரு ரகத்து மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேரைக் கேட்டுக்கொள்வார்கள். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி என்று விசாரித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய், ஒரு நேரம் வைத்து, அந்தப் பேருக்காக ஜெபமாலையை உருட்டுவார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை. தாமாகவே முன்வந்து பேர் கொடுத்தவர்கள். சம்பளம் கிடையாது; மேலதிகாரி கிடையாது; ஒரு நாள் செய்யாமல் விட்டுவிட்டால் கண்டுபிடிக்க ஆளும் கிடையாது. இப்படி ஓர் உத்தியோகத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகு நாளாக ஆசை. அந்த விசாரணை என்னைப் பிரான்ஸ் தேசம் வரையில் இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து திரும்பத் திருச்சிக்கே கொண்டுவந்து விட்டது.

பிறருக்காக வேண்டிக்கொள்வது புதுப் பழக்கமல்ல. ஹுமாயூன் நோயில் கிடந்தபோது பாபர் அந்தப் படுக்கையை வலம்வந்து, மகன் உயிருக்குப் பதிலாகத் தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார் என்று அவர் மகள் குல்பதன் எழுதி வைத்திருக்கிறாள். 1530-இல் பாபர் இறந்தார், மகன் பிழைத்தான். நம் கோயில்களில் பேரனின் நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்கிற பாட்டியும் இதே வழியில் வந்தவள்தான். ஆனால் இவையெல்லாம் சொந்த ரத்தத்துக்குச் செய்கிற காரியங்கள். முகம் தெரியாத ஒருவருக்காக, தினம் இவ்வளவு என்று வரையறுத்துக்கொண்டு, பேர்ப் பட்டியலும் கிளைகளும் வைத்துச் சாதாரண ஜனங்கள் ஜெபம் செய்தார்களே, உலகம் முழுவதும் அது பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். அதன் பிறப்பில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

மதுரை மிஷன் என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். தத்துவபோதகரும் வீரமாமுனிவரும் இருந்து உழைத்த மிஷன் அது. 1773-இல் பாப்பரசர் சேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த பாதிரிமார்கள் வயதாகி ஒவ்வொருவராக மறைந்தார்கள். அதற்குப் பிறகு சுமார் அறுபது வருஷம் பல கிராமங்களில் சாமியாரைப் பார்ப்பதே அபூர்வம். ஞானஸ்நானம் கொடுத்தது உபதேசியார்; சாகிறவன் தலைமாட்டில் உட்கார்ந்து மந்திரம் சொன்னது உபதேசியார்; ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விளக்கேற்றி ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்ல வைத்ததும் உபதேசியார்தான். ஊர்க்காரன் ஊர்க்காரனுக்காக ஜெபிப்பது என்பது அந்த அறுபது வருஷத்தில் வேறு வழியில்லாத காரியம். சரித்திரம் எழுதியவர்கள் வெள்ளைக்கார சாமியார்களின் பெயர்களை எழுதி வைத்த அளவுக்கு இந்த உபதேசியார்களின் பெயர்களை எழுதி வைக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

1814-இல் சபைக்கு மறுபடியும் உயிர் வந்தது. 1837-இல் நான்கு பிரெஞ்சுப் பாதிரிமார்கள் இந்தப் பழைய மிஷனை மீண்டும் தொடங்கக் கப்பலேறி வந்தார்கள். பெர்த்ரான், கார்னியே, மார்த்தென், து ராங்கே என்று அவர்களுக்குப் பெயர். திருச்சி லூயி கார்னியேயின் பொறுப்புக்கு வந்தது. வந்தவருக்கு மாலை மரியாதை ஒன்றும் நடக்கவில்லை. பழைய கோயில்கள் கோவாவிலிருந்து வந்த குருமார்கள் கையில் இருந்தன. போர்த்துகல் ராஜாவின் உரிமை பெரிதா, ரோமாபுரியின் உத்தரவு பெரிதா என்று இரு தரப்புக்கும் சண்டை. பூட்டு, சாவி, கச்சேரி, வழக்கு என்று அது வருஷக்கணக்காக நடந்தது. ஒரே மாதாவை வேண்டிக்கொண்டு இரண்டு கட்சியும் வழக்காடிய வேடிக்கையை ஒரு தனி நாவலாகவே எழுதலாம். கார்னியே கடைசியில் புதுக் கோயில் ஒன்றைக் கட்டத் தீர்மானித்தார். 1839-இல் தொடங்கி 1841-இல் முடிந்த அந்தக் கோயில்தான் மேலப்புதூர் மரியன்னை கோயில். இன்று அது மறைமாவட்டத்தின் பேராலயம்.

அந்த நால்வரில் மூவர் 1843 முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். கார்னியேயும் அந்த வருஷத்தில்தான் போனார். காலரா, காய்ச்சல், பழக்கமில்லாத வெயில், மாட்டுவண்டிப் பிரயாணம் எல்லாம் சேர்ந்து, பின்னால் வந்தவர்களையும் விடவில்லை. வால்ட்டர் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு பிரபுவின் மகன், 1844-இல் நம் ஆற்றில் மூழ்கி இறந்தார். மிஞ்சிய பெர்த்ரான் பிரான்ஸுக்குத் திரும்பிப் போய், மதுரை மிஷனின் சரித்திரத்தை நான்கு பெரிய தொகுதிகளாக எழுதினார்.

இங்கே ஆட்கள் சாகச் சாக, அங்கே வருகிறேன் வருகிறேன் என்று துடித்தவர்களுக்குக் குறைவில்லை. இங்கிருந்து போன கடிதங்கள் லியோன் நகரத்தில் அச்சான ஒரு பத்திரிகையில் வெளியாகிக்கொண்டிருந்தன. அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் இருந்த ஸ்தாபனத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஏனென்றால் அதைத் தொடங்கியவள் ஒரு பெண்.

போலின் ஜாரிகோ 1799-இல் லியோனில் பட்டு வியாபாரம் செய்த பணக்கார வீட்டில் பிறந்தாள். நல்ல அழகி, நகையும் உடையுமாக இருந்தவள். பதினேழு வயதிலேயே அதையெல்லாம் கழற்றிவிட்டுப் பட்டுத் தொழிலாளிகளோடு பழகத் தொடங்கினாள். மிஷன்களின் தரித்திரத்தைப் பற்றி அவள் அண்ணன் எழுதுவான். அவளுக்குத் தோன்றிய யோசனை மிகவும் சின்னது. பத்துப் பேர் சேர வேண்டியது. ஒவ்வொருவரும் தினம் ஒரு சிறு ஜெபம், வாரம் ஒரு சல்லிக் காசு. பத்துப் பேருக்கு ஒரு தலைவி. பத்துத் தலைவிகளுக்கு மேலே ஒருத்தி. 1822-இல் இது முறைப்படி ஒரு சபையானது. சல்லிக் காசு சேர்ந்து சேர்ந்து உலகத்து மிஷன்களுக்கெல்லாம் படியளக்கிற பெருநிதி ஆயிற்று. மதுரை மிஷனுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. 1826-இல் அவள் இன்னொன்றும் செய்தாள். ஜெபமாலையின் பதினைந்து தேவ ரகசியங்களைப் பதினைந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். ஒருத்தி பத்து மணி சொன்னால் போதும். பதினைந்து பேர் சொன்னால் முழு மாலையும் முடிந்துவிடும். வீட்டு வேலை ஓயாதவளும், நெசவுத் தறியை விட்டு நகர முடியாதவளும் சேரக்கூடிய சபை. வேலையைக் கூறுபோட்டுச் செய்யத் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டதை அவள் ஜெபத்துக்குக் கொண்டுபோய்விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவளுடைய முடிவைப் படித்தால் நெஞ்சு கனத்துப்போகும். தொழிலாளிகளுக்காக ஒரு முன்மாதிரி ஆலை நடத்த வேண்டுமென்று கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டாள். நம்பியவர்கள் மோசம் செய்தார்கள். கடன்காரியாகி, ஏழை என்று முனிசிபாலிட்டியில் பதிவு பெற்று, 1862-இல் இறந்தாள். கோடிக்கணக்கான சல்லிக் காசுகளைச் சேர்க்க வழி சொல்லிக் கொடுத்தவளிடம் கடைசியில் ஒரு சல்லியும் இல்லை. 2022-இல் திருச்சபை அவளுக்கு முத்திப்பேறு பெற்றவள் என்ற பட்டம் கொடுத்தது. நூற்று அறுபது வருஷம் கழித்து!

இனி வால்ஸ் என்ற ஊருக்குப் போகலாம். தென் பிரான்ஸில் லெ புய் என்று மலைப்பாங்கான ஒரு பட்டணம். பெண்கள் லேஸ் பின்னுவதற்குப் பேர்போன ஊர். அதன் பக்கத்தில் வால்ஸில் சேசு சபையின் மாணவர்கள் படிக்கிற மடம் ஒன்று இருந்தது. மதுரை மிஷன் லியோன் மாகாணத்துச் சேசு சபையாரின் பொறுப்பு. வால்ஸும் அதே மாகாணம். ஆகையால் அங்கே படித்த இளைஞர்களுக்குத் திருச்சியும் மதுரையும் பூகோளப் புத்தகத்து ஊர்கள் அல்ல. நாளைக்குத் தாங்கள் போகக்கூடிய ஊர்கள். பாடத்தில் மனம் செல்லவில்லை. அங்கே ஆத்துமாக்கள் காத்திருக்க, இங்கே லத்தீனும் தர்க்கமும் படித்துக்கொண்டிருப்பதா என்று பொறுமையிழந்தார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். ரத்னாவதிக்குப் பிரசவ வேளை, தாயார் புறப்பட்டு வந்துவிட்டாள், காவேரியில் வெள்ளம். அக்கரையில் நின்று தவிக்கிறாள். அந்தத் தாயின் உருவத்தில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. கதையில் வருகிற அந்தத் தாயாரை யாரும் அதிகமாக நினைப்பதில்லை. வெள்ளம் வடிகிற வரைக்கும் அக்கரையில் உட்கார்ந்து அவள் என்ன செய்திருப்பாள்? வால்ஸ் மாணவர்களின் பாடும் அதுதான்.

அவர்களுக்கு ஞான தந்தையாக இருந்தவர் கோத்ரெலே என்ற பாதிரியார். 1844-ஆம் வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி, சவேரியார் திருநாளன்று, அவர்களைக் கூட்டிவைத்து அவர் ஒரு பிரசங்கம் செய்தார். தமிழ்க் கடற்கரையில் கால் தேய நடந்தாரே, அந்தச் சவேரியாருடைய திருநாள். கோத்ரெலே சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் போகிற காலம் வரும்போது போவீர்கள், இப்போதே நீங்கள் அவர்களுக்கு உதவலாம். உங்கள் படிப்பு, உங்கள் தலைவலி, சலிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் காலையில் எழுந்ததும் அவர்களுக்காக ஒப்புக்கொடுத்துவிடுங்கள். பிறகு நாள் முழுவதும் நீங்கள் செய்வதெல்லாம் ஜெபந்தான்.

சின்ன மாற்றம் போலத் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் இது பெரிய தந்திரம். ஜெபம் என்பது தனியே நேரம் ஒதுக்கிச் செய்கிற காரியம் என்ற நிலை போய், கஞ்சி காய்ச்சுவதும் கணக்கு எழுதுவதும் ஜெபம் என்று ஆகிவிட்டது. மாணவர்கள் விடுமுறை நாட்களில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அந்தக் குடியானவர்கள் மத்தியில் இந்தப் பழக்கத்தைப் பரப்பினார்கள். உழுகிறவனும் லேஸ் பின்னுகிறவளும் பேர் கொடுத்தார்கள். ஜெப அப்போஸ்தல சபை என்று அதற்குப் பெயர் வந்தது. 1861-இல் ஆன்ரி ராமியேர் என்ற சுறுசுறுப்பான பாதிரியார் இதற்கு ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கிய பிறகு சபை காட்டுத் தீ மாதிரி பரவியது. 1884-இல் அவர் இறந்தபோது உறுப்பினர்கள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தார்கள்.

கோத்ரெலே பிரசங்கம் செய்தபோது கார்னியே இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் கடிதம் கடல் கடந்து போக மாதங்கள் ஆகும். ஒரு சாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று வால்ஸில் படித்துவிட்டு மாணவர்கள் முழந்தாளிடுவார்கள். அதற்குள் இங்கே அவரைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும். இருந்தாலும் அவர்கள் ஜெபித்தார்கள். கடவுளுக்குக் காலக் கணக்கு கிடையாது என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். எனக்கு அந்தப் பதிலைவிட அந்தப் பிடிவாதந்தான் பிடிக்கிறது.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் நம்மைச் சற்று நெளிய வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே போவது நியாயமல்ல. வால்ஸ் மாணவர்கள் யாருக்காக ஜெபித்தார்கள்? திருச்சியில் இருந்த சாமியார்களுக்காகவும் கிறிஸ்தவர்களுக்காகவும் மட்டுமா? இல்லை. அஞ்ஞான இருளில் மூழ்கிக் கிடந்தவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்றும் ஜெபித்தார்கள். அந்த அஞ்ஞானிகள் வேறு யாருமல்ல. மலைக்கோட்டைக்குப் படியேறிக்கொண்டிருந்த, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு இடிபட்டுக்கொண்டிருந்த, நம் கொள்ளுப்பாட்டனார்கள்! லெ புய் பக்கத்துக் குடியானவன் ஒருவன், தன் ஏரைப் பிடித்தபடி, என் கொள்ளுத்தாத்தாவின் ஆத்துமாவுக்காகக் கவலைப்பட்டிருக்கிறான். இதற்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா?

கோபித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எனக்கு வியாதியே இல்லாதபோது நீ ஏன் மருந்து அரைக்கிறாய் என்று கேட்கலாம். 'நீ என்னைப் போல ஆகக் கடவாய்' என்று ஒருவன் வேண்டிக்கொள்வதில் அன்பும் இருக்கிறது, ஆணவமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆனாலும் அந்த நாளைய ஐரோப்பாவில் நம்மைப் பற்றி நினைத்தவர்கள் வேறு யார் என்று பார்த்தால், வரி எவ்வளவு தேறும், பருத்தி எவ்வளவு விளையும் என்று நினைத்தவர்கள்தான். திருச்சியிலிருந்து ஒரு காசும் எதிர்பாராமல், சொல்லப்போனால் தன் கைக்காசையும் கொடுத்துவிட்டு, இந்த ஊர் மனிதர்களைத் தினம் ஒரு முறை நினைத்தவர்கள் அந்தக் குடியானவர்களும் பட்டுத் தொழிலாளிப் பெண்களுந்தான். நினைத்த விதத்தில் எனக்குச் சம்மதமில்லை. நினைத்தார்களே என்பதை மறுக்கவும் முடியவில்லை.

கோத்ரெலேயின் பிரசங்கம் நடந்த அதே 1844-இல்தான் நாகப்பட்டினத்தில் சூசையப்பர் கல்லூரி தொடங்கியது. 1883-இல் அது திருச்சிக்கு வந்தது. தெப்பக்குளத்தங்கரையில் லூர்து மாதா கோயில் எழும்பியது. பங்குகள் பெருகின, பங்குகளில் சபைகளும் பெருகின. வருகிற சாமியார்களுடன் ஜெப அப்போஸ்தல சபையும் வந்தது. எவர்களுக்காக அது முதலில் ஜெபித்ததோ அவர்களுடைய பிள்ளைகளே அதில் பேர் கொடுத்தார்கள்.

சபை நடந்த விதம் எளிது. மாதம் ஒரு கருத்து. அந்தக் கருத்துக்குப் பாப்பரசரின் ஒப்புதல் இருக்கும். அதை அச்சிட்ட சிறு தாள் வீடு வீடாகப் போகும். பேர் கொடுத்தவர்களில் மூன்று படி: காலையில் ஒப்புக்கொடுத்தல் மட்டும் செய்கிறவர்கள் முதற்படி, அதோடு தினம் ஒரு பரமண்டல மந்திரமும் பத்து அருள்நிறை மந்திரமும் சொல்கிறவர்கள் இரண்டாம் படி, குறித்த நாட்களில் பரிகாரமாக நற்கருணை வாங்குகிறவர்கள் மூன்றாம் படி. தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஊக்குவிப்பவர்கள் என்று சிலர். அலைந்து திரிந்து வீட்டுக்கு வீடு தாள் கொடுக்கிற வேலையை அநேகமாக எந்த ஊரிலும் பெண்கள்தான் செய்தார்கள். தாள் கொடுக்கப் போன இடத்தில் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பெண்ணுக்கு வரன் தகையவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாப்பரசரின் கருத்து ஒன்று இருக்கும். அதன் கூடவே தெருவின் கருத்துக்கள் பத்து சேர்ந்துகொள்ளும். ஜெபத்துக்கு உயிர் கொடுத்தது இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சபையில் பேர் கொடுத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவள் ஒரு சிறுமி. பிரான்ஸில் லிசியே ஊரில் தெரேசா என்ற பெண் 1885-இல், பன்னிரண்டு வயதில், சேர்ந்தாள். 1888-இல் கார்மேல் மடத்தின் கதவுக்குள் போனவள் திரும்பி வெளியே வரவில்லை. 1897-இல் இருபத்து நான்கு வயதில் க்ஷயரோகத்தில் இறந்தாள். சீனாவுக்குப் போன ஒரு சாமியாருக்காகவும் ஆப்பிரிக்காவுக்குப் போன இன்னொருவருக்காகவும் ஜெபிக்கும் பொறுப்பை மடத்துத் தலைவி அவளிடம் ஒப்படைத்திருந்தாள். அவர்களுக்கு அவள் கடிதம் எழுதுவாள். நோய் முற்றிய காலத்தில், வைத்தியர் சொன்னபடி தோட்டத்தில் தள்ளாடி நடக்கும்போதும், எங்கேயோ களைத்துப்போயிருக்கும் ஒரு மிஷனரிக்காக நடப்பதாகச் சொன்னாளாம். 1927-இல் மிஷன்களுக்கெல்லாம் பாதுகாவலியாக அவளைச் சவேரியாருக்குச் சமமாக அறிவித்தார்கள். பாதி ஆசியாவை அலைந்து தீர்த்தவருக்கும் ஒரு மதிலுக்குள் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கும் ஒரே ஆசனம்.

எல்லாம் இப்படி உயர்வாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கே பட்டியல் வருகிறதோ அங்கே கணக்குப்பிள்ளைப் புத்தியும் வந்துவிடும். சிறுவர்களுக்கென்று நற்கருணை வீரர் சபை தோன்றியது. இத்தனை ஜெபம், இத்தனை பூசை, இத்தனை சிறு தியாகம் என்று குழந்தைகள் தாளில் குறித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மிட்டாய் தின்னாமல் இருந்தது ஒரு கோடு. தம்பியை அடிக்காமல் இருந்தது ஒரு கோடு. பக்கத்துப் பையனைவிட இரண்டு கோடு கூடுதலாக வரவேண்டும் என்று தம்பியை அடிக்காமல் இருந்த வீரர்களும் இருந்திருப்பார்கள்! தம்பிக்கு என்னவோ லாபந்தான்.

1921-இல் டப்ளின் நகரத்தில் தோன்றிய மரியாயின் சேனை இதற்கு வேறு உருவம் கொடுத்தது. அதில் நேரே வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிற உறுப்பினர்கள் ஒரு வகை. போக முடியாத துணை உறுப்பினர்கள் இன்னொரு வகை. தினம் ஜெபமாலையும் சேனையின் ஜெபங்களும் சொல்வது அவர்கள் கடமை. முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், படுத்த படுக்கையானவர்கள் எல்லோரும் இரண்டாவது வகையில் சேரலாம். தள்ளாதவர்களுக்கு உலகம் ஓய்வு கொடுக்கும், அனுதாபம் கொடுக்கும், வேலை கொடுப்பதில்லை. இந்தச் சேனை வேலை கொடுத்தது.

தில்லை நகரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் பேர்களாக எழுதி வைத்திருக்கிறார். பேருக்கு எதிரே ஒரே வார்த்தை: 'கிட்னி', 'பரீட்சை', 'குடி', 'கோர்ட்டு'. ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். பாதிப் பேர்கள் கிறிஸ்தவப் பேர்கள் அல்ல. "இவங்களுக்கெல்லாம் நீங்க ஜெபிக்கிறது தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "சில பேருக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?" என்றார். குணமானவர்கள் பேரில் பென்சிலால் ஒரு கோடு. இறந்தவர்கள் பேரில் கோடு கிடையாது. அவர்களைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறார். நவம்பர் மாதம், ஆத்துமாக்களின் மாதத்தில், அவர்களுடைய முறை வருகிறது.

அவர் சொன்னதற்கு விஞ்ஞானம் வேடிக்கையான ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. ஜெபித்தவர்களில் கத்தோலிக்க மடத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. நோயாளியின் முதற்பெயரும் அடுத்த பெயரின் தலையெழுத்தும் மாத்திரமே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஜெபிக்கப்படுகிறோமா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்காக ஜெபித்தார்கள், மற்றதற்காக ஜெபிக்கவில்லை. சிக்கல் ஏற்பட்டவர்கள் நூற்றுக்கு 52, நூற்றுக்கு 51. வித்தியாசமில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் உங்களுக்காக நிச்சயமாக ஜெபம் நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சிக்கல்! ஜெபம் செய்கிற அளவுக்கா நம் நிலைமை போய்விட்டது என்று அவர்கள் பயந்திருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்களே ஊகித்தார்கள். தில்லை நகர் பெஞ்சுகளிலும் இந்தப் பயத்தைப் பார்க்கலாம். "ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றவுடன் சிலர் முகம் வெளுத்துப்போகிறது.

நோட்டு அம்மாளிடம் இந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். அவர் கொஞ்சங்கூடக் கலங்கவில்லை. "அதுக்குத்தான் நான் சொல்றதில்லே" என்றார்.

பாலக்கரை சகாய மாதா கோயிலில் நவநாளுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஜெபிக்கச் சொல்லிக் கேட்பதில் மதக்கட்சி இல்லை என்பது தெரியும். விண்ணப்பம் எழுதிப் போடுகிறவர்களில் இந்துக்கள் எத்தனையோ பேர். அவர்களை மனம் திருப்ப வேண்டுமென்று அங்கே யாரும் பிடித்து வைப்பதில்லை. 1844-க்கும் இதற்கும் நடுவில் வெகு தூரம் இருக்கிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்ற மதங்களில் உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. வால்ஸில் பிறந்த சபையும் சும்மா இருக்கவில்லை. பாப்பரசரின் உலகளாவிய ஜெப வலைப்பின்னல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய சிறு தாளின் இடத்தில் கைப்பேசியும் வீடியோவும் வந்துவிட்டன. 2016 ஜனவரியில் வெளியான முதல் வீடியோவில், அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் சொன்ன கருத்து என்ன தெரியுமா? வெவ்வேறு மதத்தினர் ஒருவரோடொருவர் மனம் திறந்து பேச வேண்டும் என்பது. ஒரு பௌத்தர், ஒரு யூதர், ஒரு முஸ்லிம், ஒரு கத்தோலிக்கர் நால்வரும் அதில் வந்து, தத்தம் நம்பிக்கையை ஒரு வாக்கியத்தில் சொல்கிறார்கள். கோத்ரெலேயின் மாணவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? சிலர் திகைத்திருப்பார்கள். ஆனால் இங்கே வந்து, இந்த ஜனங்களோடு முப்பது வருஷம் இருந்து பழகியவர்கள் அவ்வளவாகத் திகைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தில் மாசிக் கடைசியிலிருந்து இருபத்தெட்டு நாள் மாரியம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்கள் அம்மனுக்காக இருக்கிற விரதமல்ல. பக்தர்களுக்காக அம்மனே இருக்கிற விரதம். பெரும்பாலும் கத்தோலிக்கர்களின் தபசுகாலமும் அந்த நாட்களையொட்டியே வரும். தில்லை நகர் அம்மாள் அப்போது மாமிசம் சேர்ப்பதில்லை. நோட்டில் இருக்கிற யாராவது ஒருவர் பேருக்கு அதை ஒப்புக்கொடுத்துவிடுகிறார். அதே குறுக்குத் தெருவிலிருந்து மஞ்சள் சேலையும் பூக்கூடையுமாகப் பெண்கள் பூச்சொரிதலுக்குப் புறப்படுகிறார்கள். அந்த இருபத்தெட்டு நாளும் சமயபுரத்தில் அம்மனுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருந்தான்.